எந்திரிக்காதீங்க பாப்பா

படுப்பதற்கு முன் அவர் சட்டைப் பைகளைக் காலி செய்வார். சாவிக்கொத்து, சீப்பு, கைபேசி, பாதி கடித்து வைத்த பிஸ்கட் எல்லாம் லாயத்தின் ஜன்னல் விளிம்பில் போய் உட்காரும். பிறகு பெல்ட்டைக் கழற்றுவார். அதன் கொக்கி குத்திவிடக் கூடாது. கடைசியாகத் தன் பெரிய உடம்பைத் தவணை தவணையாக வைக்கோலில் இறக்கி, புதிதாகப் பிறந்த குதிரைக்குட்டியின் கழுத்துக்கு மேல் ஒரு கையைப் போட்டுக்கொள்வார். "வந்துட்டேன் பாப்பா. நீங்க பாட்டுக்குப் படுங்க."

குதிரைப் பண்ணையில் அவருக்கு மெத்தை என்று பட்டப்பெயர். லாயம் கழுவுவதும் குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் அவர் வேலை. ஒருமுறைகூடக் குதிரை மேல் ஏறியதில்லை. கேட்டால், "அவங்களுக்கும் முதுகு வலிக்கும்ல" என்பார். குட்டிகளிடம் வாங்க போங்க என்றுதான் பேச்சு. பெரிய இடத்துப் பிள்ளைகளாம். தீவன அறையில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு இது தீராத எரிச்சல். "கட்டுனவளுக்கு ஏய், இந்தா. நாலு கால் இருந்தாதான் மரியாதை போல."

குதிரைக்குட்டி பிறந்தால் அது எப்போது எழுந்து நிற்கும் என்றுதான் எல்லோரும் காத்திருப்பார்கள். முதலில் எழுந்து நின்றால்தான் தாயிடம் பால் குடிக்க முடியும். இந்த ஆண்டோ தாய்க்குதிரைகளுக்குப் பிரசவ நாள் தள்ளிக்கொண்டே போனது. வயிற்றில் கூடுதலாக இருந்தால் நன்றாக விளைந்து வரும் என்று நினைத்தார்கள். முதலில் வந்த குட்டியோ குறைமாதத்தில் பிறந்ததைப் போலிருந்தது. பட்டு நூல் மாதிரி மெல்லிய மயிர், தொங்கும் காதுகள், மேல்தாடையைத் தாண்டி நீண்ட கீழ்த்தாடை. ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து அதை நிற்க வைத்தார்கள். நின்றதும் கைதட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் பின்னங்கால் மூட்டின் சின்ன எலும்புகள் உடம்பின் கனம் தாங்காமல் நசுங்கிவிட்டன. ஊசி போட்டு ஒரேயடியாக உறங்க வைப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது.

இரண்டாவதாகப் பிறந்தது பெட்டைக்குட்டி. அதே காது, அதே தாடை. இதை எழவிடுவதற்கு முன்பே பண்ணை டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துவிட்டார். முதலாளியம்மாவை லாயத்துக்கு வரவழைத்துப் படத்தைக் காட்டினார்.

"தாய் வயித்துல இருக்கும்போதே தைராய்டு சரியா சுரக்கல. அதனால எலும்பு எலும்பாகவே இல்ல. முட்டியில இருக்கறதெல்லாம் இன்னும் குருத்தெலும்புதான்."

"எதனால?"

"உறுதியா சொல்ல முடியாதுங்க. பச்சையா அறுத்த தீவனம் நிறைய போட்டோம், தாது உப்பு குறைஞ்சுபோச்சு. அயோடின் பத்தாம இருந்திருக்கலாம். மத்த குதிரைங்களுக்கு இன்னையிலிருந்தே மாத்திட்டோம்."

"இது பந்தயத்துல ஓடுமா?"

"ஓடாது. எலும்பு இறுகற வரைக்கும் நிக்காம பார்த்துக்கிட்டா, நடக்கலாம். அதுவும் நிச்சயமில்ல."

முதலாளியம்மா பெருமூச்சு விட்டார். "அப்போ எதுக்கு அதைக் கஷ்டப்படுத்திக்கிட்டு?" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டார்.

கீழேயிருந்து மெத்தையின் குரல் வந்தது. "அம்மா, எந்திரிச்சு நிக்க முடியலைன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. பாப்பா இப்பதான் கண்ணசந்தாங்க."

முதலாளியம்மா தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வைக்கோலில் கிடக்கும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவிடம் கிசுகிசுப்பாக, "சரி, பார்ப்போம்" என்றார்.

அன்றிலிருந்து பகலெல்லாம் மெத்தையின் முறை. மற்ற நேரத்துக்கு வேறு ஆட்கள். குட்டியின் கால்களில் பஞ்சு சுற்றி, பிளந்த பிளாஸ்டிக் குழாய் வைத்துக் கட்டியிருந்தது. புண் வராமல் இருக்கக் குட்டியைப் பக்கம் மாற்றிப் போட வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், தாயிடம் கறந்த பாலைப் புட்டியில் புகட்ட வேண்டும். தாய்க்குதிரைக்கு முதலில் இதெல்லாம் பிடிக்கவில்லை. அவர் தோளை ஒருமுறை கடித்தும் பார்த்தது. பிறகு தடுப்புக்கு மேல் தலையைப் போட்டு, அவர் கழுத்திலேயே மூச்சு விடப் பழகிக்கொண்டது.

மதியங்களில் பலகை இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாக இறங்கும். தூசி அதில் அவசரமில்லாமல் மிதக்கும். குட்டி எழப் பார்க்கும்போதெல்லாம் அவர் கை சற்றே கனக்கும். "எந்திரிக்காதீங்க பாப்பா. நின்னவங்க எல்லாம் என்னத்தக் கண்டாங்க? உங்க டாக்டரம்மாவைப் பாருங்க, நின்னு நின்னு கால் வீங்கிப் போச்சு." பேச்சு மெல்லக் குழைந்து இருவருக்கும் கண் சொக்கும். தூக்கத்தில் குட்டி ஓடும். படுத்தபடியே, கட்டுப் போட்ட கால்கள் காற்றை உதைக்கும், மூக்கு விரியும், மெல்லிய மயிருக்கடியில் தோல் அலை அலையாகச் சிலிர்க்கும். அந்த அதிர்வு அவர் கை வழியாக அவருடைய தூக்கத்துக்குள்ளும் போகும். அங்கே முடிவில்லாத ஈரப் புல்வெளி. அவரும் ஓடுவார், மூச்சு வாங்காமல். விழித்ததும் எங்கே இருக்கிறோம் என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

"வீட்டுல கட்டில்ல படுத்தா தூக்கம் வரலைன்னு புரள்ற மனுஷன்" என்று வாசலில் நின்று மனைவி முணுமுணுப்பாள். திட்டிவிட்டு, அவர் காலடியில் நனைந்த வைக்கோலை அள்ளி எறிந்து, காய்ந்ததைப் பரப்பிவிட்டுப் போவாள்.

சில வாரங்கள் கழித்து எடுத்த புதுப் படத்தை டாக்டரம்மா ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் தூக்கிப் பிடித்திருந்தார். முன்பு மங்கிய புள்ளிகளாக இருந்த இடத்தில் எலும்புகளுக்கு ஓரம் வந்திருந்தது. "கட்டைப் பிரிச்சிடலாம். கையை எடுங்க. தானா என்ன பண்ணுதுன்னு பார்ப்போம்."

கட்டைப் பிரித்ததும் மெத்தை கையை எடுத்தார். குட்டி கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு முன்னங்கால்களை நீட்டி ஊன்றியது, சரிந்தது, மறுபடி ஊன்றியது. அவர் கை தானாக நீண்டு, பாதியில் நின்றது. குட்டி நின்றுவிட்டது. தள்ளாடி இரண்டு அடி வைத்து, நீண்ட தாடையோடு தாயின் மடியைத் தேடியது. இரண்டு முறை தவறவிட்டுப் பிடித்துக்கொண்டது. சப்பும் சத்தம் லாயம் முழுக்கக் கேட்டது. யாரும் கைதட்டவில்லை.

"எந்திரிச்சு வாய்யா" என்றாள் மனைவி, மூக்கை முந்தானையில் துடைத்தபடி.

மெத்தை எழவில்லை. படுத்த ஆளாகவே தன்னைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு முன்னால், முதல் முறை நிற்கும் இந்த நேரத்தில், அவ்வளவு பெரிய உடம்பை நிமிர்த்திக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. சத்தம் காட்டாமல் புரண்டு, கையையும் முட்டியையும் ஊன்றி, வைக்கோல் மேல் தவழ்ந்தே வாசலைத் தாண்டி வெளியே போனார்.