ரிமோட்டுக்கு உறை தைத்த அக்கா

அக்காவின் டிரங்குப் பெட்டியில் ஒரு புறநோயாளிச் சீட்டு கிடைத்தது. முன்பக்கம் மருத்துவர் எழுத்து: “வழுக்கி விழுந்ததில் இடது புருவத்தில் காயம். ஏழு தையல்.” பின்பக்கம் அக்கா எழுத்து: “விழவில்லை. செட்டாப் பாக்ஸால் அடித்தான். பிறகு நான் அடித்தேன்.” தேதி ஈரத்தில் கரைந்துவிட்டது. பழைய கேபிள் நின்று வீடுதோறும் பாக்ஸ் வந்த மூன்றாம் வாரம் என்று கணக்கிட்டிருக்கிறேன். இறுதிச் சடங்கில் அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்ட உறவினர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அக்கா ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அப்பாவின் பெல்ட் என் முதுகில் இறங்கும்போதெல்லாம் குறுக்கே புகுந்து தன் தோளில் வாங்கிக்கொள்வார். முப்பது ஆண்டுகள் தொழிற்சாலையில் சீருடை தைத்தார். மாமா காலமான பின் கொரட்டூரில் தனியாகக் குடியிருந்தார்.

பாக்ஸ் வந்ததும் தெருவின் வயதானவர்கள் தவித்துப் போனார்கள். இரண்டு ரிமோட், ஒன்றில் தவறாக அழுத்தினாலும் திரை நீலமாகிவிடும், படம் திரும்பாது. அக்கா காக்கித் துணியில் ரிமோட்டுகளுக்கு உறை தைத்துக் கொடுத்தார். வேண்டிய பொத்தான்களுக்கு மட்டும் காஜா எடுத்த துளை.

“இன்னா யக்கா, யூனிஃபார்ம் போட்டு இஸ்கோலுக்கு அனுப்பப் போறியா?” என்பார் எதிர்வீட்டு ஆட்டோக்காரர்.

“உன் வாய்க்கும் ஒண்ணு தெச்சுத் தரேன். துளை இல்லாம.”

திரை நீலமான நாளெல்லாம் அந்த ஆட்டோக்காரர் தன் வயதான தந்தையை அடித்தார். சத்தம் தெருவுக்கே கேட்கும். ஒருநாள் மதியம் ஆத்திரத்தில் அந்த உறையையும் கிழித்தெறிந்தார். பெரியவர் மறுபடி எதையோ அழுத்திவிட்டார்.

“கெய்வனுக்கு டிவி ஒரு கேடா!”

சத்தம் கேட்டு அக்கா ஓடிச் சென்றபோது பெரியவர் வாயில் ரத்தத்தோடு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தார். மகன் பாக்ஸை வயரோடு பிடுங்கி ஓங்கினார். அக்கா குறுக்கே நின்றார். இரும்பு விளிம்பு புருவத்தைப் பிளந்தது. அக்கா விட்ட அறையில் அவர் பீரோவில் மோதி விழுந்தார். ஒரு பல் போயிற்று.

அவருடைய ஆட்டோவிலேதான் இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள்.

“போலீசாண்ட சொல்லிடாத யக்கா.”

“நான் வழுக்கி விழுந்தேன்னு சொல்லிக்கிறேன். இன்னொரு தபா அவரு மேல கை வெச்சே, நீ வழுக்கி விழுவே.”

அதன்பின் பெரியவர் மீது கை படவில்லை. இறக்கும்வரை, மாலைதோறும் அக்கா வீட்டில் அமர்ந்து, உறை போட்ட ரிமோட்டைத் தானே அழுத்திச் செய்தி பார்த்தார்.

கடைசி மாதங்களில் அக்காவின் விரல்கள் ஊசி பிடிக்கவில்லை. கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், டயாலிசிஸுக்கு வாரம் தவறாமல் அழைத்துச் சென்று, பாடைக்கும் தோள் கொடுத்த எதிர்வீட்டுக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவர் சம்மதத்துடனே இதை எழுதினேன். ஆனால், படித்துக் காட்டியபோது ஒரு திருத்தம் சொன்னார்:

“மொதல்ல அடிச்சது யக்காதான், அண்ணாத்தே. நான் அப்பால தான் பாக்ஸைத் தூக்கினேன். அதையும் போட்டுக்கோ.”

சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். “பிறகு” என்ற சொல் மட்டும் வேறு மையில், வரிக்கு மேலே செருகப்பட்டிருக்கிறது. பெரியவரும் இல்லை, அக்காவும் இல்லை. முதல் அடி யாருடையது என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.