பவுடர் கலையாத முகம்

லிஃப்டில் யாரோ அள்ளிப் பூசியிருந்த பவுடர் வாசனையில், ஐம்பது வயதுக்காரனான நான் இறங்கவேண்டிய மாடியைத் தவறவிட்டு, திருவள்ளூர்ப் பக்கம் இன்று ஏதோ கம்பெனியின் கோடவுனாகிவிட்ட, சிறுவயதில் நான் இருந்த தர்ம ஆஸ்பத்திரியில் போய் இறங்கினேன். போலியோ கால்களுக்கு இரும்புக் கம்பி பூட்டி நடக்கப் பழக்கிய அந்தக் கூடத்தில், ஞாயிறுதோறும் ஆயா எங்கள் எல்லோருக்கும் தலைவாரி, சுவருக்கு வெள்ளையடிப்பதுபோலப் பவுடர் அப்பி உட்காரவைப்பாள். கடம்பத்தூரில் ரயிலிறங்கி வரும் அம்மாக்கள் முத்தமிட்டு, அழுது, அதைக் கலைத்துவிட்டுப் போவார்கள். என்னுடையது மட்டும் மாலைவரை மெருகு குலையாமல் இருக்கும்.

“இன்னா நைனா, உன் ஊட்லேர்ந்து இன்னிக்கும் யாரும் வர்லியா?” என்று ஒருநாள் கேட்டாள் ஆயா.

“வந்தாங்களே, இப்பத்தான் போனாங்க” என்றேன்.

என் முகத்தையே பார்த்தவள், “சர்தான்” என்று சொல்லி, முந்தானையால் ஒரு கன்னத்தின் பவுடரை மட்டும் கலைத்துவிட்டுப் போனாள்.