பட்டாளத்தார் நிற்க வைத்தவள்

ஏலக்காயை உலர்த்தி வைக்கும் ஸ்டோர் வாசலில் ஒரு கல் கிடக்கும். அம்மிக்குழவியைவிடக் கொஞ்சம் பெரியது. என் தாத்தா யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. தப்பு செய்தவர்கள் அந்தக் கல்லை இரு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் போதும் என்று சொல்லும்வரை நிற்க வேண்டும், அவ்வளவுதான். உலகப் போரில் சிங்கப்பூரில் ஜப்பான்காரர்களிடம் கைதியாகி, எலும்பும் தோலுமாகப் போடிக்குத் திரும்பியவர் அவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து இந்தத் தண்டனை. பட்டாளத்தார் என்றாலே எல்லாரும் நடுங்குவதைப் பார்த்துத்தான் போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட் முதலாளி அவரைச் சூப்பர்வைசராக வைத்துக்கொண்டார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது காலாண்டு விடுமுறைக்கு மலைக்குப் போயிருந்தேன். காய் பறிக்கிற பெண்களில் அக்கா தங்கை இருவர் இருந்தார்கள். மூத்தவள், இளையவள் என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து, பக்கத்துப் பக்கத்துச் செடியில் குனிந்து பறிப்பார்கள். என்னை நடுவில் உட்கார வைத்து, அட்டை ஏறாமலிருக்கக் காலில் புகையிலைத் தண்ணீர் தடவிவிட்டவள் இளையவள். அவள் ஒரு பிடி பச்சைக் காயைக் கொண்டைக்குள் செருகியதை நான் பார்த்தேன். மூத்தவளும் பார்த்தாள், பார்க்காத மாதிரி குனிந்துகொண்டாள்.

நான் தாத்தாவிடம் போய்ச் சொன்னேன். எதற்கும் சிரிக்காத மனிதரிடம் ஒரு சபாஷ் வாங்க வேண்டும் என்று ஆசை. கிடைத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது இனிக்கத்தான் செய்தது.

மத்தியானம் இளையவள் காய் கொட்ட வந்தபோது எல்லார் முன்னாலும் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார். காய்கள் சேற்றில் உதிர்ந்தன. "பிள்ளை இருமிக்கிட்டே கெடக்குங்கய்யா, கசாயத்துக்கு எடுத்தேன்" என்றாள். அவர் கல்லைக் காட்டினார்.

மழை பிடித்துக்கொண்டது. கை இரண்டும் மேலே இருக்கும்போது அட்டையை எதைக்கொண்டு பிடுங்குவது? முழங்காலுக்குக் கீழே ரத்தம் மழைத் தண்ணீரோடு வழிந்தது. மூத்தவள் ஒரு கை உப்பை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். "கிட்டப் போனீன்னா அடுத்தது நீதான்" என்றார் தாத்தா. அவள் அப்படியே நின்றுவிட்டாள். உப்பு கைக்குள்ளேயே கரைந்துபோனது.

நான் அழுதுகொண்டே விட்டுவிடச் சொன்னேன். தாத்தா கடுங்காப்பியை ஆற்றியபடி, "தண்ணி கேட்டதுக்கு ஜப்பான்காரன் என்னைய மூணு நாள் வெயில்ல நிக்க வச்சான் ஆத்தா. இவளுக்கு மழைதானே" என்றார். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

யார் சொல்லிக்கொடுத்தது என்று எல்லாரும் கேட்டார்கள். உளவு சொன்னவர் பெயரைப் பட்டாளத்தில் வெளியே விடமாட்டார்கள் என்று சொல்லி, தாத்தா என்னைக் காப்பாற்றிவிட்டார். பக்கத்தில் நின்று பறித்தவள் மூத்தவள் ஒருத்திதான். சின்னப் பிள்ளையான என்னை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் போடிக்குப் போனவள், விசாரித்து இளையவள் வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டிவிட்டாள். கை இரண்டும் தோளுக்கு மேல் எழவில்லை. மகள்தான் தலை வாரிவிடுகிறாள்.

"ஐயா மேல எனக்குக் கோவமில்ல தாயி. சொல்லிக் குடுத்தா பாரு எங்கக்கா, அவளத்தான் விடல. சாகக் கெடக்கையில ஆள் அனுப்புனா. கதவைச் சாத்திக்கிட்டேன். எழவுக்கும் போகல."

"அவங்க இல்ல. நான்தான் சொன்னேன்" என்றேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டு வாங்கத்தான் போயிருந்தேன். அவள் முகத்தில் வந்தது பயம்.

"நீ சொல்லல" என்றாள். "ஒம்பது வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்? எங்கக்காதான் சொன்னா. அவதான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ தாயி."

அவள் எழாத கையை எழுந்தவரைக்கும் தூக்கி என்னைக் கும்பிட்டாள்.

"ஆமா, ஒங்க அக்காதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.