அவர் ஆயில் பார்த்தார்

பெங்களூருக்கு வடக்கே இருந்த அந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் முப்பதைத் தாண்டிய மாணவர்கள் நாங்கள் இருவர்தான். அவர் திருப்பத்தூர்க்காரர், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. சனிக்கிழமைதோறும் ஊரின் அந்தக் கோடியிலிருந்து பைக்கில் வருவார்.

அன்று அவர் தனியாகப் பறக்கவேண்டும். என்ஜின் மூடியிலிருந்த சின்னக் கதவைத் திறந்து, ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை எடுத்தார். நான் துணியை நீட்டினேன். துடைத்துவிட்டு மறுபடி இறக்கி எடுத்தார்.

"அஞ்சுக்கிட்ட காட்டுது. ஊத்தணுமா?"

"ப்ளேன் இப்பதானே எறங்குச்சு. மேல இருக்கற ஆயில் வடியட்டும், கொஞ்சம் பொறுங்க."

டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார். ஆறைத் தொட்டிருந்தது. போதுமான அளவு. சிரித்தபடி ஏறினார்.

நடுவானில் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. கீழே எங்கும் திராட்சைத் தோட்டங்கள். கல்தூண்களுக்கு நடுவே விழுந்தது விமானம். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்வரை உயிர் இருந்ததாம்.

பிணவறை வாசலில் அவர் மனைவி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இவரு ஆயிலே பாக்காம ஏறிட்டாருன்னு சொல்றாங்க. நெஜமா?"

"இல்லம்மா. தொடச்சுத் தொடச்சுப் பாத்தாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அப்புறம் எப்படிக்கா?"



அது விசாரணையில்தான் தெரிந்தது. சர்வீஸ் செய்தபோது டிப்ஸ்டிக் மாறிப்போயிருக்கிறது. அவர் கையிலிருந்தது வேறொரு விமானத்துடையது, ஒரு விரல் அகலம் கூடுதல் நீளம். அதனால் ஆழமாக இறங்கி, இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டியிருக்கிறது. மாற்றியது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

அவளிடம் நேரில் போய்ச் சொன்னேன். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கியபடியே கேட்டாள்.

"இத ஏன் ஸ்கூல்காரங்க வந்து சொல்லல?"

நான் மீண்டும் பறக்கப் போக மாதங்கள் ஆயின. போன முதல் நாளே, புது மாணவர்களிடம் பயிற்சியாளர் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆயில் பாக்காம ஏறுனவன் ஒருத்தன், திராட்சைத் தோட்டத்துல போய் விழுந்தான்."

வகுப்பு முடியும்வரை காத்திருந்து, "சார், அவர் பாத்தாரு. உங்களுக்கே தெரியும்," என்றேன்.

"தெரியும் மேடம். இப்படிச் சொன்னாத்தான் பசங்க பயந்து ஒழுங்கா பாப்பாங்க. விடுங்க."

அவர் குரலில் கோபம்கூட இல்லை. அடுத்த குழுவுக்கும் அப்படியேதான் சொன்னார்.