கையை எடுத்த பிறகுதான் கரண்ட்

அருள்தாஸை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவர் இறந்த செய்தி காலை ஷிஃப்டில் வந்தது. சிதம்பரத்தில் கடலூர் பஸ்ஸுக்கு நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டாராம். போனை வைத்ததும் எங்கள் மேனேஜர் கேட்டது இதுதான்: "அப்போ இன்னிக்கு டெஸ்ட்ட யாரு ஓட்டுறது?" நான் அதை மறக்க மாட்டேன். அவரும் இதைப் படிக்கட்டும்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். செம்மங்குப்பத்தில் கேபிள் சோதிக்கிற அறையில், கேபிள் முனைகளில் கிளிப் மாட்டுவது என் வேலை. முன்பெல்லாம் பக்கத்திலேயே ஆள் நின்று சுவிட்ச் போடுவார். தம்பி எழுதிய புரோகிராம் வந்த பிறகு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் தட்டினால், என் பக்கத்துப் பெட்டியில் சுவிட்ச் தானாக விழும், கரண்ட் பாயும்.

"அங்க உக்காந்து தட்டுறவங்களுக்கு என் கை எங்க இருக்குதுன்னு எப்படித் தம்பி தெரியும்?" என்று கேட்டேன். மறுநாளே தம்பி என் பக்கம் ஒரு சின்னத் திரையும் ஒரு பட்டனும் வைத்தார். திரை கேட்கும், நான் அமுக்கினால்தான் சுவிட்ச் விழும்.

கேள்வி இங்கிலீஷில் இருந்தது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, வெளிச்சம் வந்தாலே அமுக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கிளிப்பைப் பிடித்தபடியே அமுக்கப் போனேன். தம்பி ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"என்ன கேக்குதுன்னே தெரியாமயாக்கா அமுக்குறீங்க?"

தலை குனிந்தேன். "தப்பு உங்களுது இல்லக்கா. படிக்க முடியாத கேள்விய வச்சவன் நானு" என்றார். அன்று அவர் சாப்பிடக்கூடப் போகவில்லை. சாயங்காலம் திரையில் தமிழ் வந்தது: "மல்லிகா அக்கா, கையை எடுத்துட்டீங்களா?"

கூட வேலை செய்யும் செல்வி சிரித்தாள். "யக்கா, உன் வூட்டுக்காரரு ஒருநாளாவது இவ்ளோ மரியாதையா கேட்டிருப்பாரா?"

மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. "லேட் ஆவுது, அந்தக் கேள்வியத் தூக்குப்பா" என்பார். தம்பி, "நீங்க வந்து கிளிப் மாட்டுங்க சார், உடனே தூக்கிடறேன்" என்பார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். திரை இருட்டாக இருந்தது. வெளியாளைக் கூப்பிட்டுக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். கேட்க ஆள் இல்லை என்கிற தைரியம்.

நான் கிளிப்பைத் தொடவில்லை. "வேல செய்யலன்னா வூட்டுக்குப் போம்மா" என்றார் மேனேஜர். "நீங்க வந்து மாட்டுங்க சார்" என்றேன். செல்வியும் கையைக் கட்டிக்கொண்டாள். மதியம்வரை ஒரு கேபிள் நகரவில்லை. பிறகு அதே ஆளைக் கூப்பிட்டுத் திரும்பப் போட வைத்தார்கள். கேள்வியில் என் பெயரை மட்டும் போடவில்லை. போகட்டும்.

இரங்கல் கூட்டத்தில் அவரைப் பொறுமைசாலி என்று பேசினார்கள். யாரைச் சொன்னார்களோ! எனக்குத் தெரிந்த அருள்தாஸ் கோபக்காரர். அந்தக் கோபத்தால்தான் எனக்கு இன்னும் பத்து விரலும் இருக்கின்றன. அந்தக் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.