விராலுக்கு வீடு கட்டிய மாப்பிள்ளை

என் கல்யாணத்தில் தரகர் சொன்னது ஒரே ஒரு பொய்தான். மாப்பிள்ளை விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் கப்பும் சாசரும் செய்கிறார் என்றார். மறுவீட்டுக்கு வந்த என் அப்பா, மருமகன் வேலை செய்யும் அழகைப் பார்க்க ஆசைப்பட்டு நேராகக் கம்பெனிக்கே போய்விட்டார். அங்கே என் வீட்டுக்காரர், சுட்டெடுத்ததில் விரிசல் விட்டுப்போன ஒரு கக்கூஸ் கோப்பையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமனாரைக் கண்டதும் எழுந்து, மரியாதையாக இன்னொரு கோப்பையைக் கவிழ்த்துத் துண்டால் தட்டிவிட்டு, "குந்துங்க மாமா, ரெண்டு வாய் சாப்புடுங்க" என்றார்.

அப்பா குந்தவில்லை. கருவேப்பிலங்குறிச்சிக்குப் போகும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். ஏறுமுன் என்னிடம், "உன் வூட்டுல இனிமே எனக்குச் சோறு தண்ணி கெடையாது, சொல்லிப்புட்டன்" என்றார்.

என் வீட்டுக்காரருக்குக் கடைசிவரை அதில் என்ன தப்பு என்று புரியவில்லை. பீங்கான் வேலைக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். அவர்களுக்குப் புதுக் கக்கூஸ் கோப்பையும் ஊறுகாய் ஜாடியும் ஒன்றுதான். இரண்டும் ஒரே மண், ஒரே சூளை. எங்கள் தெருவில் கம்பெனி கழித்துப் போட்ட கோப்பையில் கோழி அடைகாத்தது. நானே கொல்லையில் ஒன்றில் கீரை போட்டிருந்தேன், நன்றாகத்தான் வந்தது.

ஆனாலும் அப்பா வருவதை நிறுத்தவில்லை. பெண்ணைப் பார்க்காமல் இருக்க முடியாதே. ரயிலடி ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, ஊரிலிருந்து கூஜாவில் கொண்டுவந்த தண்ணீரோடு என் வீட்டில் வந்து உட்காருவார். அவர் அந்தக் கூஜாவைத் திருகித் திறக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பெற்ற பெண் கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் என்ன குறைந்துபோகும்? இவர் பெரிய மகாராஜா. கோபத்தில் நான் அடுப்படியில் பாத்திரங்களை உருட்டுவேன். அதையும் கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"உங்க அப்பாருக்கு என்னாதான் புடிக்கும்?" என்று ஒருநாள் என் வீட்டுக்காரர் கேட்டார்.

"விரால் மீனு. விரால் கொழம்புன்னா எங்கப்பா சண்டைக்காரன் வூட்டுலயும் பாய் போட்டுக் குந்திடுவாரு."

சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஏரி. அதன் உள்வாயில், தண்ணீர் தேங்கும் பரப்பிலேயே, கருவேல மரங்கள் காடாக நிற்கும். கோடையில் அந்தக் காட்டுக்குள் ஆடு மேயும். ஐப்பசி மழை பெய்து ஏரி நிரம்பினால் மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும், ஆடு மேய்ந்த இடத்தில் மீன் மேயும். மேலே கொக்கு கூடு கட்டும், அதன் எச்சம் விழும் இடத்தில் கெண்டைக் குஞ்சுகள் கூட்டம் போடும். பனையேறிக் கெண்டை ஈர வேர்மேல் தொற்றிக்கொண்டு காற்று வாங்கும். ஆரலும் அயிரையும் சேற்றுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு கிடக்கும். முள்ளுக்குப் பயந்து அங்கே யாரும் வலை வீசமாட்டார்கள். மீன்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், எல்லாம் அங்கேதான் போய் ஒண்டின.

இதைப் பார்த்துப் பார்த்து என் வீட்டுக்காரருக்கு ஒரு ஞானம் பிறந்தது. மரத்தடியிலேயே இவ்வளவு மீன் ஒண்டுமென்றால், வீடே கட்டிக்கொடுத்தால் எவ்வளவு மீன் வரும்? அந்தக் கோடையில், கம்பெனி பின்பக்கம் மலையாகக் குவிந்து கிடந்த கழிவில் கேட்டு வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக் காய்ந்த ஏரிக்குள் கொண்டுபோனார். மரத்துக்கு மரம் கோப்பைகளைப் புதைத்தார். உடைந்த குழாய்த் துண்டுகளையும் விடவில்லை. வெள்ளைவெளேரென்று அவை வெயிலில் மின்னியதைப் பார்த்த ஆடு மேய்ப்பவர்கள், ஏரிக்குள் ஆஸ்பத்திரி வரப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

"அகலமா இருக்கறது விராலுக்கு. குழாயி ஆரலுக்கு. பின்னாடி வளைவு இருக்குது பாரு, அது கெளுத்திக்கு" என்று எனக்கு விளக்கினார். ரயில்வேக்காரர்களுக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்குகிறவர் தோற்றார்.

மழை வந்தது, ஏரி நிரம்பியது. வேலை முடிந்ததும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குடித்தனக்காரர்களை விசாரித்துவிட்டு வருவார். ஆரல் வந்துவிட்டது, கெளுத்தி குடும்பத்தோடு வந்துவிட்டது, அகலக் கோப்பையில் ஒரு தண்ணீர்ப்பாம்பு வாடகை இல்லாமல் இருக்கிறது. விரால் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அது பழையபடி வேரிடுக்கிலேயே கிடந்தது. "மாளிகைய உட்டுட்டு மரத்தடியில கெடக்குது பாரு, கொழுப்பு" என்று மனிதர் மனம் நொந்துபோனார்.

மாசி மகத் தேர் பார்க்க அப்பா வந்தார். தேர் முடிந்த மறுநாள், ஏரி மீனைக் குத்தகை எடுத்தவர் பெரிய மீனை எல்லாம் எடுத்துக்கொண்டு, வற்றிய ஏரியை ஊருக்கு விட்டார். ஊரே ஊத்தாவோடு இறங்கியது. ஊத்தா என்றால் அடியில்லாத மூங்கில் கூடை, மேலிருந்து மீன்மேல் அமுக்கிக் கைவிட்டு எடுப்பது. மீன் என்றதும் அப்பாவும் கரைக்கு வந்துவிட்டார், நானும் பின்னால் ஓடினேன்.

முழங்கால் தண்ணீரில் வெள்ளைக் கோப்பைகள் தலைகாட்டிக்கொண்டிருந்தன. அப்பா அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்கயுமா?" என்றார். இன்றோடு எங்கள் வீட்டு வாசலையும் மிதிக்கமாட்டார் என்றே நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு கோப்பைக்குள் ஏதோ புரண்டது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். "விராலு! விராலு!"

"மாமா, அந்த வளைவுல கைய உடாதீங்க! அது கெளுத்தி எடம்!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

"மீனுக்கு நீ என்னா ரூம் நம்பரா போட்டு வச்சிருக்க?" என்று சொல்லிக்கொண்டே அப்பா முழங்கைவரை கையை உள்ளே விட்டார்.

அடுத்த நொடி அவர் போட்ட அலறலில் கருவேலங்காட்டுக் கொக்கெல்லாம் எழும்பிவிட்டன. கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது, வீங்கிய கை வளைவிலிருந்து வெளியே வர மறுத்தது. இழுத்த இழுப்பில் சேற்றிலிருந்து பெயர்ந்துவந்த கோப்பையோடு அப்பா குதித்தார். ஒரு கையில் கக்கூஸ் கோப்பையோடு என் அப்பா குதித்ததை ஊரே கரையில் நின்று பார்த்தது. சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அவர் குதித்த குதியில் சேறு கலங்கியது. மூச்சுத் திணறி, வேரிடுக்கிலிருந்து ஒரு விரால் மேலே வந்து வாயைத் திறந்தது. என் வீட்டுக்காரர் பாய்ந்து ஊத்தாவை அமுக்கினார். அகப்பட்டது மாமனாரின் கால். மறுபடி தூக்கி அமுக்கினார், விரால் கூடைக்குள் மாட்டிக்கொண்டது.

கோப்பையைக் கல்லால் உடைத்து அப்பாவை விடுவித்தவரும் அவர்தான். தான் செய்த சாமானைத் தானே உடைக்கும்போது, "நல்ல கிளேஸு மாமா இது, என்னா பளபளப்பு" என்று முனகினார். அப்பாவைத் தோளில் சாய்த்து வீட்டுக்குக் கூட்டிவந்து, சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போட்டார். அப்பா வலியில் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். நான் குழம்பு கொதிக்க வைத்தேன். வாசனை வந்ததும் ஒரு கண்ணைத் திறந்தார்.

தட்டை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் எழுந்து போகவில்லை. வலது கையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. நானே பிசைந்து வாயருகே நீட்டினேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, பயபக்தியோடு முள் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் மீன் தலை அப்பாவுக்குத்தான். அண்ணன்கள்கூட அதைக் கேட்டதில்லை. கடைசியாக அதை எடுத்து அவரிடம் நீட்டினேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அத மாப்ளைக்கு வையி" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரருக்கு மீன் தலை என்றாலே பயம், அது தன்னையே முறைக்கிறது என்பார். அன்றைக்கு மறுபேச்சுப் பேசாமல், கண்ணோடு சேர்த்துத் தின்றார்.