நீலக் கடலும் ஒரு கூடை சங்கராவும்

காலையில் மகள் கைப்பேசியை என் மூக்கருகே நீட்டினாள். இருட்டில் நீலமாக ஒளிரும் அலைகள். "அப்பா, மறுபடியும் வந்திருக்கு, போலாமா?" எனக்கு முதலில் வந்தது நீலமில்லை, மீன் வாடை. மனசு இப்படித்தான், ஒன்றைக் காட்டினால் வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வரும்.

முதல்முறை அது வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. பட்டாபிராமிலிருந்து எங்கள் குடியிருப்பே ராத்திரியில் வேன் பிடித்துக் கடற்கரைக்குக் கிளம்பியது. கடலைக் கண்டதும் பெரியவர்கள்தான் முதலில் செருப்பை உதறிவிட்டு ஓடினோம். சும்மா சொல்லக்கூடாது, அப்படியோர் அழகு! மிதித்த இடமெல்லாம் நீலம் தெறித்தது. "அப்பா, என் காலு லைட்டு போடுது" என்று மகள் கத்தினாள். நான் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு குதித்த குதியை நல்லவேளை யாரும் படமெடுக்கவில்லை. ஓர் அலை அவள் வாய்க்குள் போனதற்குக்கூடச் சிரித்தேன்.

திரும்பும்போது வேனிலேயே எல்லாருக்கும் செய்தி வந்துவிட்டது: அது நச்சுப்பாசி, மீன்கள் செத்து ஒதுங்குகின்றன. வீட்டில் மகள் இருமும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அந்தப் பயம் இன்னும் விடவில்லை.

மறுநாள் காலை, காசிமேட்டிலிருந்து ரயிலில் மீன் கொண்டுவரும் கன்னியம்மாக்கா வாசலில் கூடையை இறக்கினார். என்னைத் தவிர ஒருவரும் கீழே வரவில்லை. மாடியிலிருந்து ஒரு குரல் மட்டும்: "வேணாம்க்கா, கடல்ல விஷமாம்."

"இன்னாது, விஷமா? நேத்து அதுல குதிச்சி ஆட்டம் போட்டீங்களாமே, வாட்ச்மேன் சொல்றாரு. அப்ப அந்தக் கால வெட்டிப் போட்டுட்டீங்களா?"

யாரோ சிரித்தார்கள். கதவு திறக்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"செத்து ஒதுங்குனத நாங்களே தொட மாட்டோம் நைனா. இது தூரம் போயி புடிச்சது. கிட்டக்க வலை போட்டா கொழகொழன்னு பாசிதான் வருது. இந்தக் கூடை வித்தாதான் ஊட்ல அடுப்பு." செவுளைத் தூக்கிக் காட்டினார். நல்ல சிவப்பு, புது மீன்தான். ஐஸ் உருகி வாசலில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு சங்கரா மீன் வாங்கினேன். மகள் தின்ற ஒவ்வொரு வாயையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு பெரிய வீரனாட்டம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், "சாப்பிட்டாச்சு, நல்லாத்தான் இருக்கோம்" என்று போட்டேன். இரண்டாம் மாடிக்காரர் உடனே பதில் போட்டார்: "நாளைக்கும் சொல்லுங்க சார்."

நாளைக்கும் சொன்னேன். அவர்கள் நம்பி முடிப்பதற்குள் அக்கா எங்கள் தெருவுக்கு வருவதை விட்டுவிட்டார்.

இப்போது மீன் கழுவி, வெட்டி, பொட்டலமாக வருகிறது. எந்தக் கடலில் பிடித்தது என்று யாரும் கேட்பதில்லை. செவுளைத் தூக்கிக் காட்டத் தலையும் அதில் இருப்பதில்லை.